ஏழாவது பட்டை

தாமசின் ஆப்லெட் நாற்பது வருஷம் பட்டை தீட்டியே வயிறு கழுவினாள். பெரிய குடும்பங்களின் குலச்சின்னக் கேடயத்தின் குறுக்கே போகும் மெல்லிய பட்டைகள். வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம். கோச்சு வண்டியின் கதவில், தேவாலயத்துச் சுவரில், பெரிய வீட்டுச் சாவுக்குப் போர்த்தும் துணியில் என்று எங்கே பார்த்தாலும் அவள் கைப் பட்டைகள்தான். கடைசிக் காலத்தில் கோடு போட்ட மேசைத்துணியைக் கண்டால்கூட அவளுக்குக் குமட்டும். அவளுக்கு அடுத்த வீட்டில் குதிரைச் சேணம் தைக்கிறவன் நான், ஜோனஸ் கீபிள். எனக்கும் குமட்டத்தான் செய்கிறது; காரணம் வேறு. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் சாயக்காரர் வீட்டுப் பெண். எங்கள் சஃபோக் சந்தை ஊரில் குலச்சின்னம் தீட்டிக்கொண்டிருந்த கிரிகரி ஆப்லெட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கிரிகரி காலைச் சாப்பாட்டுக்கே பீர் குடிக்கிற ஆள். பத்து மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். சிங்கம் கோணலாக இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது, இந்த வட்டாரத்தில் சிங்கத்தைப் பார்த்தவன் யார்? கோடு கோணினால் பன்றி மேய்க்கிறவன்கூடச் சிரிப்பான். அதனால் கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே கோடுகள் தாமசினுடையவை. சாக்குக்கட்டி தேய்த்த நூலை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவாள். மயிரிழை பிசகாது. கிரிகரி காய்ச்சலில் செத்த பிறகும் அதே தரத்தில் வேலை வந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான், இத்தனை நாளும் தீட்டியது யார் என்று ஊருக்கு உறைத்தது.

என் கடையில் மிஞ்சும் தோல் துண்டுகளை அவள் வாங்கிப்போய்க் காய்ச்சிப் பசை எடுப்பாள். அந்த நாற்றத்தில் எங்கள் சந்துக்கு யாரும் குடிவர மாட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

பட்டை விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். மெல்லிய பட்டை ஒன்று மட்டும் தனியாக வராது, குறைந்தது இரண்டு வேண்டும். எண்ணிக்கைதான் உயிர். வெள்ளையில் தொடங்கி நீலத்தில் முடிந்தால் மொத்தம் ஆறு. கேடயமே ஆறாகப் பிரிந்திருக்கிறது என்று பொருள். வெள்ளையில் தொடங்கி வெள்ளையிலேயே முடிந்தால் ஏழு. அப்போது அது வெள்ளைக் கேடயம், அதன்மேல் மூன்று நீலப் பட்டை. தெருவில் போகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். உரியவர்களுக்கோ என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆறு பட்டை, எங்கள் ஊர்ப் பெரிய மாளிகைக்காரர் சர் லயனல் ஸ்டானர்டின் சின்னம். அதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஏதோ தடிப் புத்தகத்தில் படித்துவிட்டு விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். குறுக்குப் பட்டை என்பது மனசாட்சி; அது கோபம், பேராசை, காமம் எல்லாவற்றுக்கும் குறுக்கே போட்ட தாழ்ப்பாள் என்பார். ஐந்து வருஷத்தில் மூன்று சமையல்காரப் பெண்களை வயிறும் பிள்ளையுமாக ஊருக்கு அனுப்பிய மனுஷர் இதைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். தாமசின் ஒருமுறை அவருடைய வண்டிக் கதவுக்கு நீலம் பூசிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போட்டு என்ன பிரயோஜனம் ஜோனஸ்? திருடன் உள்ளேல்ல உக்காந்திருக்கான்."

ஏழு பட்டைக்காரர்கள் காப்பிங் குடும்பம். கம்பளி வியாபாரத்தில் கொழுத்தவர்கள், பிறகு கொள்ளைநோயில் ஒரு ஆள் மிச்சமில்லாமல் போய்விட்டார்கள். போவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஊர்க்கோடியில், சந்தைத் திடலை ஒட்டி, கதியற்ற முதியவர்களுக்காக எட்டு அறைகள் கட்டி, அதன் செலவுக்குப் பின்னால் ஒரு பழத்தோட்டமும் புல்வெளியும் எழுதி வைத்தார்கள். எழுதிய பத்திரம் உள்நாட்டுச் சண்டையில் எரிந்துபோயிற்று. கட்டியவர் யார் என்பதற்கு வாசல் மேலே இருந்த கல் கேடயம் மட்டும்தான் சாட்சி. அதிலும் பாதிக்குப் பாசி.

மூன்றாவது அறையில் வால்டர் கிரிம்வுட் இருந்தார். என் அப்பா காலத்திலிருந்து முப்பது வருஷம் எங்கள் கடையில் ஊசி பிடித்தவர். அந்த ஊசியே கண்ணைத் தின்றுவிட்டது. பார்வை முழுதும் போனதும் நான்தான் பாதிரியாரிடம் சொல்லி அவருக்கு அந்த அறையை வாங்கிக் கொடுத்தேன். கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்து, இனி சாகிறவரை உங்களை இங்கிருந்து யாரும் கிளப்ப முடியாது என்று சொன்னதும் நான்தான்.

ஆயிரத்து அறுநூற்று அறுபத்து நான்காம் வருஷம் கோடையில், குலச்சின்னங்களைச் சரிபார்த்துப் பதிய லண்டனிலிருந்து ஒரு அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. எந்தக் கேடயம் எந்தக் குடும்பத்துடையது என்று அவர் எழுதினால் எழுதினதுதான். சர் லயனலின் மாளிகைத் தோட்டமும் முதியவர்களின் புல்வெளியும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். வாசல் கேடயம் ஸ்டானர்டுடையது என்று பதிவாகிவிட்டால் கட்டியவர் அவருடைய முப்பாட்டன், புரவலர் அவர், அந்த எட்டுப் பேரையும் வைத்துக்கொள்வதும் விரட்டுவதும் அவர் இஷ்டம். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள்.

மாளிகைக் காரியக்காரர் ஃபிஸ்க் வந்து, வாசல் கேடயத்தைச் சுத்தம் செய்து புதுசாகத் தீட்டும்படி தாமசினிடம் சொல்லிவிட்டுப் போனார். ஏணி பிடிக்க நான் போனேன். அவள் ஈரத்துணியால் பாசியைத் துடைத்துத் துடைத்துக் கீழே கொட்டினாள். அது என் கழுத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கை நின்றது.

"ஜோனஸ், நீ ஏறி வந்து பாரு. கடைசியில என்ன நிறம் தெரியுது?"

அவள் இறங்க, நான் ஏறினேன். கல்லில் கீறிய கோடுகளுக்கு நடுவே பழைய சாயம் ஒட்டிக்கொண்டிருந்தது. அடிக்கூரில் பால் நிறம். வெள்ளை என்றேன்.

"மேலேர்ந்து எண்ணு."

எண்ணினேன். ஏழு. விரல் வைத்து இன்னொரு தடவை எண்ணினேன். அப்போதும் ஏழு.

"மறந்துடாதே" என்றாள்.

மறுநாள் ஃபிஸ்க் வந்து பார்த்தார். குரலில் வெண்ணெய் தடவிப் பேசுகிற மனுஷர். கீழே இருக்கிற பட்டை அழுக்காகத் தெரிகிறதே, அதையும் நீலமாக்கி ஆறோடு முடித்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். லட்சணத்துக்காகத் தான் தீட்டவில்லை, இருப்பதைத் தீட்டுகிறேன் என்றாள் தாமசின்.

"உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இப்படி எதிர்த்துப் பேசமாட்டாரும்மா."

"அவர் இருந்திருந்தா ஏழு பட்டையைப் பதினாலாப் பாத்திருப்பார் ஐயா."

ஃபிஸ்க் சிரித்தார். அந்தச் சிரிப்பு பற்களோடு நின்றுவிட்டது. தாமசின் ஏழு பட்டையும் தீட்டி முடித்தாள். நல்ல ஈய வெள்ளை, நல்ல நீலம். புதுக்கல் மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது வாசல்.

இனி என் கதை. அந்த வாரம் ஃபிஸ்க் ஒரு கடிவாளத்தைப் பழுதுபார்க்க என் கடைக்கு வந்தார். கடை மாளிகைக்குச் சொந்தமானது, குத்தகை வருஷா வருஷம். என் வேலையில் பாதி அவர்கள் குதிரைகளுக்கு. அவர் கையில் ஒரு குடுவை பீர், அதுவும் மாளிகை பீர். என்னோடு சரிசமமாக முக்காலியில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தார். பேச்சு எப்படியோ தாமசினின் கைத்திறனுக்குப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன்: கேடயம் அடியில் கூராகக் குறுகுகிறது அல்லவா, எல்லாப் பட்டையையும் ஒரே அளவில் போட்டால் கடைசிப் பட்டை சுண்டைக்காயாகத் தெரியும், அதனால் அதைக் கொஞ்சம் தடிப்பாகப் போட வேண்டும், அதுதான் தொழில் ரகசியம். ஃபிஸ்க் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இன்னொரு கோப்பை ஊற்றினார். குடித்தேன்.

மூன்றாம் நாள் இப்ஸ்விச்சிலிருந்து சின்னம் தீட்டுகிற ஒருவன் வந்தான். பட்டப்பகல், சந்தை நாள். முட்டை விற்கிறவர்களும் கோழி வாங்குகிறவர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ஏணி போட்டு, தாமசினின் ஏழாவது வெள்ளைப் பட்டைமேல் நீலத்தைப் பூசிவிட்டு இறங்கிப் போனான். ஆறாவது ஏற்கெனவே நீலம். இரண்டும் ஒட்டிக்கொண்டு, மற்றதைப் போல இரண்டு மடங்கு பருமனில் ஒரே பட்டையாகத் தொங்கியது. தின்று வீங்கின வயிறு மாதிரி இருந்தது, பார்க்கவே சகிக்கவில்லை. பொய் சொல்கிறவன் கொஞ்சமாவது சிரமப்பட்டுச் சொல்ல வேண்டாமா? இந்த ஊருக்கு இது போதும் என்று நினைத்தார்கள் பாருங்கள், அந்த அலட்சியத்தைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் நினைத்தது சரியாகவும் போயிற்று.

லண்டன் அதிகாரி அன்னம் விடுதியின் மாடியில் விசாரணை வைத்தார். ஒல்லியான ஆள், எதைத் தொட்டாலும் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொள்வார். கீழே அடுப்பில் சர் லயனலின் செலவில் ஒரு முழு ஆடு சுழன்றுகொண்டிருந்தது. கொழுப்பு தீயில் சொட்டுகிற சத்தம் மாடிவரை கேட்டது.

கேள்வி ஒன்றுதான். நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வாசல் கேடயத்தில் எத்தனை பட்டை? முதலில் பாதிரியார். அந்த வாசலுக்குள் போகும்போதெல்லாம் தலைகுனிந்தே போனதால் எண்ணியதில்லை, இருந்தாலும் ஆறு என்றுதான் மனதில் படுகிறது என்றார். அவர் தோட்டத்துக்குப் புதுச்சுவர் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது, செங்கல் எல்லாம் மாளிகைச் சூளையில் சுட்டது. அடுத்தது மாவு மில்காரர், ஆறு. அவர் மில்லுக்குத் தண்ணீர் மாளிகை வாய்க்காலிலிருந்து வருகிறது. விடுதிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து ஆறு என்று சொல்லிவிட்டு ஆட்டைப் புரட்டிப் போட ஓடினார்.

தாமசின் தன் வேலை மேலங்கியோடே வந்திருந்தாள். முழங்கைவரை நீலம்.

"ஏழு. அதுல மூணு நீலம், நாலு வெள்ளை. போன மாசம் என் கையாலதான் தீட்டினேன். அடியில இருக்கிற நீலத்தைச் சுரண்டினா என்னோட வெள்ளை வரும். அதையும் சுரண்டினா காப்பிங் வீட்டு வெள்ளை வரும். நூறடிகூட இருக்காது ஐயா, வாங்க, காட்டுறேன்."

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். தூறிக்கொண்டிருந்தது. ஃபிஸ்க் எழுந்து, மிகவும் பணிவாக, கடைசிப் பட்டை தடிப்பாகத் தெரிவதுதான் இந்த அம்மாவைக் குழப்புகிறது என்றார். கூராக முடிகிற கேடயத்தில் கடைசிப் பட்டையைத் தடிப்பாகப் போடுவது சின்னம் தீட்டுகிறவர்களின் வழக்கம், அவளையே கேளுங்கள் என்றார்.

"அப்படி ஒரு வழக்கம் இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"இருக்கு. அது ஒரு விரல் அகலம் கூடும். இப்படி ரெண்டு மடங்கு ஆகாது."

வழக்கம் உண்டு என்று சாட்சியே ஒப்புக்கொண்டதாக எழுத்தர் எழுதினார். மீதியை அவர் எழுதவில்லை. தாமசின் ஃபிஸ்க்கைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தத் தொழில் ரகசியத்தை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் நின்றேன். ஏணி பிடித்தது நீங்கள்தானாமே, மேலே ஏறிப் பார்த்ததும் உண்டாமே என்று கேட்டார் அதிகாரி. ஆமாம் என்றேன். எத்தனை?

எனக்குப் பின்னால் மரப்பலகை ஒன்று முனகியது. ஃபிஸ்க் கால்மாற்றி உட்கார்ந்திருக்க வேண்டும். என் கடை, என் குத்தகை, கொக்கியில் மாட்டியிருந்த பதினொரு கடிவாளம், எல்லாம் கண்முன் வந்தது. வால்டரும் வந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும், அவர் நினைவு வராமல் நான் சொல்லவில்லை.

"ஆறு, ஐயா. எப்பவுமே ஆறுதான்."

எப்பவுமே என்று யார் கேட்டார்கள் என்னை? கேட்டதற்கு மேல் ஒரு சொல்லை நானாகச் சேர்த்துக் கொடுத்தேன். நினைக்க நினைக்க அந்த ஒரு சொல்தான் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி உறுத்துகிறது. விசாரணை முடிந்தது என்று அதிகாரி கைக்குட்டையை மடித்தார். எல்லோரும் கீழே இறங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது, நல்ல தொடைக்கறி. நானும் உட்கார்ந்து தின்றேன்.

செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல் திருநாளுக்குள் எட்டு அறையும் காலி. இரண்டு பேரை மகள்கள் முகம் சுளித்துக்கொண்டு கூட்டிப்போனார்கள். மற்றவர்களை ஊர்க்கணக்கில் அங்கே ஒரு கொட்டகை, இங்கே ஒரு பரண் என்று ஒதுக்கினார்கள். சர் லயனல் அறைகளை வெள்ளையடித்து, வைக்கோல் பரப்பி, தன் வேட்டை நாய்களை அங்கே கொண்டுவந்தார். அறைகளுக்குள் ஈரமே இல்லை, நாய்களுக்கு ஏற்றது என்று ஊரே மெச்சியது. மனசாட்சியின் தாழ்ப்பாள் வாசலுக்கு மேலே தடித்துத் தொங்க, கீழே நாய்கள் மூத்திரம் போயின.

வால்டரைச் சேர்த்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடந்தது. கூட்டிவரலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன்; மாளிகையில் என்ன நினைப்பார்களோ என்று மூன்றாவது நாளும் யோசித்தேன். அன்று தாமசின் வந்து தள்ளுவண்டியைக் கடன் கேட்டாள். கொடுத்தேன். எதற்கு என்று தெரிந்தும் கேட்கவில்லை. அவள் ஒருத்தியாக அதை மேட்டில் தள்ளிப்போய், வால்டரையும் அவர் படுக்கையையும் ஏற்றிக்கொண்டு வந்து, பட்டறையில் அடுப்போரமாகப் பலகை போட்டுப் படுக்கவைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாளிகை வேலை அவளுக்கு நின்றுபோயிற்று. மாளிகையைப் பார்த்து மற்ற பெரிய வீடுகளும் நிறுத்தின. உழவு வண்டிகளுக்கும் பன்றிப்பட்டிக் கதவுகளுக்கும் ஒரே நிறத்தில் மெழுகித்தான் அவள் பிழைத்தாள். பட்டை தீட்டச் சொல்லி ஒரு வெளியூர் வியாபாரி வந்தபோது முடியாது என்று அனுப்பிவிட்டாள். என்னிடம் அவள் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. தோல் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், இந்தத் தடவை கொழுப்பு அதிகம் என்பாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் எதிர்த்துத் திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

பிப்ரவரியில் வால்டருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் துண்டுகளைக் கொடுக்கப் போனபோது என் காலடிச் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு கூப்பிட்டார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். தாமசின் அடுப்பில் பசை கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஜோனஸ், விசாரணையில எல்லாரும் ஆறுன்னு சொல்லிட்டாங்களாம். இவ மட்டும் ஏழுன்னு சொன்னாளாம். உன்னைப் பத்திக் கேட்டா வாயே திறக்கமாட்டேங்குறா. நீ எத்தனை சொன்னே?"

அகப்பை நின்றது. நான் அவள் முதுகைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

"ஏழு" என்றேன்.

கிழவர் தடவித் தடவி என் கையைப் பிடித்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள்.

"தெரியும். நீ வேற எப்படிச் சொல்லுவே? அன்னிக்கே சொன்னியே என்னைக் கிளப்ப விடமாட்டேன்னு. உன்னால ஆனதைச் செஞ்சிருக்கே."

தாமசின் மறுபடி கிண்ட ஆரம்பித்தாள். நான் எழுந்தேன். அவள் அகப்பையோடு வாசல்வரை வந்தாள். இப்போது சொல்லப் போகிறாள், காறித் துப்பப் போகிறாள் என்று நின்றேன். துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

"நாளைக்கும் வா" என்றாள். "நீ வந்தா அவர் ரெண்டு வாய் கூடச் சாப்பிடுவார்."

போனேன். அவர் சாகும்வரை ஒன்பது நாள் போனேன். ஒன்பது நாளும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டறைக்கு வந்துபோகிறவர்களிடமெல்லாம் நான் ஏழு சொன்னதைச் சொன்னார். விசாரணையில் எனக்கு முன்னால் ஆறு சொன்ன மாவு மில்காரரிடமும் சொன்னார். மில்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் வால்டர், நானும் என் காதால் கேட்டேன் என்றார்.